கையெழுத்துக்குக் காத்திருந்த மூன்று கார்டுகள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. அந்தக் கடைசியில் இருக்கிற பிள்ளையும் நகர்ந்து வரட்டும். என் குரல் முன்னைப் போல் தூரம் போவதில்லை. இன்றைக்கு ராஜா கதையும் கிடையாது, பேய்க் கதையும் கிடையாது. ஒருத்தியை ஒருத்திக்கு ஆகாத மூன்று பெண்களின் கதை ஒன்று தருகிறேன். கதை முடிகிறபோதும் அவர்களுக்கு ஆகாதுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பாளையங்கோட்டையிலிருந்து ஏரல் போகிற வழியில், ஆற்றுக்குக் கொஞ்சம் மேலே, செம்மண் மேட்டில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஒன்பது குழிகள். அவற்றையே இரண்டு சுற்று ஆடினால் பதினெட்டு. இந்த வெயிலில் புல் நிற்குமா? நிற்காது. அதனால் ஒவ்வொரு குழியையும் சுற்றி மணலில் பழைய எஞ்சின் எண்ணெயைக் கலந்து வட்டமாகப் பரப்பியிருப்பார்கள். அதற்குப் பிரவுன் என்று பெயர். ஒருத்தர் அதில் நடந்தால் கால் தடம் விழும், பந்து உருண்டால் கோடு விழும். அடுத்தவர் ஆடுவதற்கு முன்னால் நீளக் கைப்பிடி வைத்த பலகையால் இழுத்துச் சமப்படுத்த வேண்டும். அந்தப் பலகையை இழுக்கிறவள்தான் முத்துராணி. நான் அங்கே பதினாறு வருஷம் தேநீர் போட்டேன், அதனால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த மைதானம் பெண்களுடையது. அது சும்மா வந்த செவ்வாய்க்கிழமை இல்லை. 1958இல் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை சாரம்மாள் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆண்களிடம் போய்க் கேட்டு வாங்கினது. ஆண்கள் உடனே கொடுத்துவிடவில்லை. முன்வாசல் வழியாக வரக் கூடாது, வராந்தாவில் உட்காரக் கூடாது, தேநீர் வேப்பமரத்தடியில்தான் என்றார்கள். அதற்கும் மேலே ஒரு கொக்கியும் போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் கோப்பைப் போட்டி நடத்தியே ஆக வேண்டும். ஆடினவர்களின் கார்டுகள் முறையாகக் கையெழுத்தாகி, அன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஆண்கள் கிளப்பின் அலுவலகத்துக்கு வர வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் பெண்கள் பிரிவு கலைந்து ஆண்கள் கிளப்புக்குள் போய்விடும், செவ்வாய்க்கிழமையும் போய்விடும். பெண்கள் இரண்டு வருஷத்தில் சண்டை போட்டுக்கொண்டு கலைவார்கள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

சண்டை போட்டார்கள், ஆனால் கலையவில்லை. அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் கோப்பை நடந்தது. வாசலும் வராந்தாவும் பிற்பாடு திறந்தன. கொக்கி மட்டும் அப்படியே நின்றது.

சாரம்மாளின் மகள் கிறிஸ்டி டீச்சர்தான் இப்போது பெண்கள் பிரிவுக்குத் தலைவி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் வரை அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டு தடவை, இரண்டும் அடுத்தவள் பந்து முள்ளுக்குள் போனபோது. அவருக்கு நேர் எதிரி சங்கரி. அரிசி ஆலைக்காரர் மனைவி, வாய் நிறையப் பேச்சு, கை நிறைய வளையல். 2013 கோப்பையில் நாலாவது குழியில் டீச்சர் பந்தைக் காலால் நகர்த்தினார் என்று சங்கரி சொன்னாள். பொய் என்றார் டீச்சர். அன்றோடு நேர்ப் பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் பரவாயில்லை, ஆட்டத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. கோல்ஃபில் உங்கள் அடிகளை நீங்களே எண்ணி எழுதினால் போதாது. கூடவே ஒருத்தி எண்ணி, கார்டில் எழுதி, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். அவளை மார்க்கர் என்பார்கள். டீச்சர் கார்டில் சங்கரி எழுதுவதை டீச்சர் ஏற்கமாட்டார், சங்கரியும் அப்படியே. மற்றவர்களில் ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு கட்சி. கடைசியில் இரண்டு பேரும் நம்பினது, பலகையோடு ஒவ்வொரு பிரவுனிலும் நிற்கிற முத்துராணியை மட்டும்தான். அவள் எந்தக் கட்சியும் இல்லை, அவளை யாரும் ஆளாகவே எண்ணாததால்.

அதிலிருந்து பதினோரு வருஷம் எல்லாக் கார்டிலும் முத்துராணி கையெழுத்துதான். ஒரு பக்கம் பலகை, ஒரு பக்கம் பென்சில். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டுவதற்கும் அவளைத்தான் நடுவில் வைத்துக்கொண்டார்கள். "ஏளா, அவங்கட்ட சொல்லு, வயசாச்சுன்னா வீட்ல இருந்து பைபிள் வாசிக்கலாம்னு" என்பாள் சங்கரி, மூன்றடி தள்ளி நிற்கிற டீச்சரைப் பார்க்காமல். முத்துராணி குனிந்து மணலை இழுத்தபடியே, "நீங்க சொன்னது அவங்களுக்குக் கேட்டுருக்கும் அக்கா" என்பாள்.

இப்படிப் பின்னாலேயே நடந்து நடந்து அவளும் ஆடக் கற்றுக்கொண்டாள், பிள்ளைகளே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டீச்சர் தூக்கிப் போட்ட ஒரு மட்டை, பிடி கிழிந்தது. சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்துக்கொண்டாள். விடிந்ததும், வேலை தொடங்குகிறதற்கு முன்னால், ஆற்றுப் பக்கத்துக் குழிகளில் அடித்துப் பழகினாள். டீச்சர் அவசரப்படுவது எங்கே, சங்கரி தோளைத் தூக்குவது எங்கே என்று அவளுக்கு மனப்பாடம். அந்தத் தவறுகளை மட்டும் செய்யாமல் இருந்தாள், அவ்வளவுதான் அவள் படிப்பு.

போன வருஷம் கோப்பைக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதில் மூன்றாவது பெயராக, தெளிவான எழுத்தில், முத்துராணி என்று இருந்தது. அவள் வீட்டுக்காரன் சொரிமுத்துகூட, அவளுக உன்னைச் சேத்துக்கிடுவாளுகளா என்று சிரித்தானாம். எதற்கு இந்த வம்பு என்று நானும் கேட்டேன். தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பதினோரு வருசமா அடுத்தவங்க அடியை எண்ணியாச்சு. ஒரு நாளாவது என் அடியை ஒருத்தர் எண்ணட்டும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் வெளியிலும் காற்று மாறியிருந்தது. பல தேசங்களில் பெண்களுக்கென்று தனியாக இருந்த கோல்ஃப் சங்கங்களை ஆண்கள் சங்கத்தோடு சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆண்கள் கிளப்பின் செயலாளர் மகாராஜன் மட்டும் அந்தச் செய்தியைத் தேன் மாதிரிச் சப்பிக்கொண்டிருந்தார். எல்லா இடத்துலயும் ஒண்ணாயாச்சு, நமக்கு மட்டும் என்ன தனிக் குடித்தனம் என்று போகிற வருகிற பெண்களிடம் எல்லாம் கேட்டார். செவ்வாய்க்கிழமைக்கு வெளியூர் ஆட்களை அழைத்துவர அவரிடம் ஏற்பாடு இருந்தது.

பெயர் பார்த்த அன்றே டீச்சர் கூட்டம் போட்டார். வேப்பமரத்தடியில் பதினான்கு பெண்கள். டீச்சர் தன் அம்மா கையால் எழுதின சட்டப் புத்தகத்தை எடுத்து ஏழாவது விதியை வாசித்தார்: இந்த மைதானத்தில் கூலி வாங்குகிறவர் அமெச்சூர் அல்லர்; அமெச்சூர் அல்லாதவர் உறுப்பினர் ஆக முடியாது, கோப்பையும் ஆட முடியாது. அமெச்சூர் என்றால் ஆசைக்கு மட்டும் ஆடுகிறவர் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களிடமும் இப்படி விதிகள் உண்டு. கூலிக்குப் பை தூக்கினவன் துரையோடு போட்டிக்கு நின்றுவிடக் கூடாதல்லவா.

பிரிவின் செயலாளர் ஸ்டெபி, வங்கியில் வேலை பார்க்கிற சின்னப் பெண், இப்போது எங்கேயும் அப்படி விதி கிடையாதே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இது எங்க பிரிவு, எங்க சட்டம் என்று டீச்சர் வாயடைத்தார். பிறகு நடந்ததுதான் அதிசயம். சங்கரி எழுந்து நின்று, டீச்சரம்மா சொல்வது சரி என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். அந்த ஒற்றுமைக்கு ஒரு முத்துராணி தேவைப்பட்டது, பாருங்கள்.

முத்துராணி மரத்துக்கு அப்பால் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேட்டுட்டு வேலையப் பாரு."

"என்னைக் கார்டுல மொதமொத கையெழுத்துப் போடச் சொன்ன அன்னைக்கு, ஒரு பெரிய புத்தகத்துலயும் கை வாங்குனீங்க. அது என்ன புத்தகம்?"

டீச்சர் சட்டப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார். ஸ்டெபிக்கு மட்டும் முகம் மாறினது. பெண்கள் பிரிவு அலமாரிக்கு ஓடிப்போய் உறுப்பினர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 2013 பக்கத்தைத் திருப்பி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். உறுப்பினர் எண் நாற்பத்தொன்று, முத்துராணி. எழுத்து டீச்சருடையது. சாட்சிக் கையெழுத்து சங்கரியுடையது.

என்ன நடந்தது என்றால், மார்க்கர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இன்னொரு விதி இருந்தது. அன்றைக்குச் சங்கரிதான் அதைத் தோண்டி எடுத்து, வெளியாள் கையெழுத்துச் செல்லாது என்று சண்டை போட்டாள். விடுவாரா டீச்சர், அந்தச் சாயங்காலமே முத்துராணியை உறுப்பினராக எழுதிப் போட்டு, சங்கரியையே சாட்சிக்கும் இழுத்துவிட்டார். ஏழாவது விதி அன்றைக்கு இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. உறுப்பினர் ஆகிவிட்டாள் என்பதை முத்துராணியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஸ்டெபி பதிவேட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப எது சரி டீச்சர்? இவங்க உறுப்பினர்னா கோப்பை ஆடலாம். உறுப்பினர் இல்லன்னா, பதினோரு வருசத்துக் கார்டுல ஒண்ணு கூடச் செல்லாது. பதினோரு கோப்பையும் நடக்கலன்னு ஆயிரும். மகாராஜன் சாருக்கு இது தெரிஞ்சா?"

அந்தப் பதினோரு கோப்பைகளில் ஆறு டீச்சருடையது, ஐந்து சங்கரியுடையது. ஜெயித்தவர் பெயர் எழுதுகிற தேக்குப் பலகையில் தங்க எழுத்தில் இருக்கிறது. சங்கரி பட்டென்று உட்கார்ந்தாள். டீச்சர் சட்டப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஆடட்டும்" என்றார். "ஆடிப் பாக்கட்டும்."

கோப்பை அன்றைக்குக் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது பேரை மூன்று மூன்று பேராக அனுப்பினார்கள். சீட்டுக் குலுக்கினதில் கடைசி மூன்று பேர் டீச்சர், சங்கரி, முத்துராணி. மற்ற இருவருக்கும் வழக்கம்போல முத்துராணியே மார்க்கர். முத்துராணிக்கு டீச்சர் மார்க்கர் என்று ஸ்டெபி எழுதிக் கார்டைக் கொடுத்தாள். டீச்சர் அதை இரண்டு விரலால் வாங்கி, மடித்து, பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பென்சிலைக் கையில் எடுக்கவே இல்லை.

முதல் மூன்று பிரவுன்களில் முத்துராணி பழக்க தோஷத்தில் மூன்று பேருக்கும் மணலை இழுத்தாள். நாலாவதில் தன் வழியை மட்டும் சமப்படுத்திவிட்டு, பலகையைச் சங்கரியின் காலடியில் கிடத்தினாள். சங்கரி அதைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், ஆகாயத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து எடுத்தாள். அவள் இழுத்த இழுப்பில் மணல் வரப்பு வரப்பாக எழுந்தது.

"பலகையத் தலகீழாப் பிடிச்சிருக்கீங்க அக்கா" என்றாள் முத்துராணி.

"எனக்குத் தெரியும்ட்டி."

தெரியவில்லை. பந்து வரப்பில் ஏறி வேறு பக்கம் போனது. டீச்சர் மூன்றாவது முறையாகச் சிரித்தார்.

மற்றபடி அந்த நாலு மணி நேரமும் பேச்சில்லை. நல்ல அடி விழுந்தால் பாராட்டுவது கோல்ஃபில் மரியாதை. அந்த மரியாதை அன்று யாருக்கும் கிடைக்கவில்லை. முத்துராணி அடிக்கக் கையை ஓங்குகிற நேரம் பார்த்துச் சங்கரி வளையலைக் குலுக்கினாள். டீச்சர் அவள் பார்வை போகிற கோட்டிலேயே போய் நின்றார். முத்துராணி மட்டையை இறக்கிவிட்டு, அவர்கள் ஓய்கிற வரைக்கும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு அடிப்பாள். சைக்கிள் டியூப் சுற்றின அதே மட்டைதான்.

பதினொன்றரைக்கு முடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். கோல்ஃபில் அடி குறைந்தவருக்குத்தான் வெற்றி; முன்னால் போனவர்களில் யாரும் தொண்ணூறுக்குக் கீழே ஆடவில்லை. அவர்கள் கார்டுகளுக்கும் முத்துராணிதான் எப்போதும் கையெழுத்து. அன்று அவள் ஆடினதால் ஒருத்திக்கொருத்தி மார்க்கராக நின்று, எண்ணிக்கையில் தகராறாகி, முன்னால் போன இரண்டு கும்பலும் கார்டைக் கிழித்தே போட்டுவிட்டன. மிச்சம் இருந்தது இந்த மூன்று கார்டுகள்தான்.

டீச்சர் எண்பத்தேழு. சங்கரி எண்பத்தாறு. முத்துராணி இரண்டையும் அழகாக எழுதி, மேசைமேல் வைத்து, கையெழுத்துக்கான கோட்டை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"போடு" என்றார் டீச்சர்.

"என் கார்டு டீச்சர்?"

டீச்சர் பையைத் திறந்து அதை மேசைமேல் எறிந்தார். பதினெட்டுக் கட்டமும் வெள்ளையாக இருந்தன.

"நான் எண்ணல" என்றார்.

முத்துராணி பேனாவை மூடினாள். "அப்ப நானும் எண்ணலன்னு வச்சுக்கிடுங்க."

சங்கரி துள்ளினாள். இரண்டாவது இடமோ முதல் இடமோ, அவள் டீச்சரைவிட ஒரு அடி குறைவு. கோப்பை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. போடுட்டி, உன் வேலைக்கு உலை வைக்கச் சொல்லுவேன் என்று கத்தினாள். முத்துராணி அவள் பக்கம் திரும்பவில்லை. நான் தேநீர் வைத்தேன், யாரும் தொடவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மகாராஜன் வராந்தாவுக்கு வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்பு.

"என்ன டீச்சர், கார்டு வருதா? இல்ல, அலுவலகத்தப் பூட்டட்டுமா?" என்று அங்கிருந்தே கேட்டார். "அம்மா ஆரம்பிச்சத மகள் முடிச்சு வச்சாங்கன்னு ஊரு பேசுமே."

 டீச்சரை வயிற்றில் சுமந்துகொண்டுதான் சாரம்மாள் இதே மரத்தடியில் அந்தச் சட்டத்தை எழுதினாராம். டீச்சர் வராந்தாவைப் பார்த்தார். பிறகு முத்துராணியைப் பார்த்தார். யாரை அதிகம் வெறுப்பது என்று தீர்மானிக்க அவருக்கு இரண்டு நிமிஷம் ஆனது.

கார்டைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணாம் குழி, அஞ்சு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ரெண்டு, நாலு. மூணு, ஆறு, பனையில பட்டுத் திரும்புனது ஒண்ணு. நாலு, அஞ்சு..."

பாருங்கள், செல்லங்களே. எண்ணவில்லை என்று சொன்ன அம்மாள் ஒரு அடியையும் விட்டிருக்கவில்லை. எந்த மட்டை, பந்து எங்கே விழுந்தது, எந்தப் புதரில் சாய்ந்தது, எல்லாம் இருந்தது. ஆகாதவளை அப்படிப் பார்த்திருக்கிறார், ஒரு கண்ணிமைப்பும் இல்லாமல். பதினாலாம் குழிக்கு வந்ததும் பேனா நின்றது. அங்கே இரண்டு மூன்று அடி கூட்டி எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? சங்கரி உதடு பிரிய முன்னால் சாய்ந்தாள். அவளும் எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள், டீச்சர் தப்பு செய்வாரா என்று.

"அஞ்சு" என்று எழுதினார் டீச்சர். சங்கரி வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டினால் எண்பத்துநாலு. டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கார்டைத் தள்ளினார். முத்துராணி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பிறகுதான் மற்ற இரண்டு கார்டிலும் கையெழுத்துப் போட்டாள். ஸ்டெபி மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். மகாராஜன் கைக்கடிகாரத்தையும் கார்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை, சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"உனக்காகப் போடல" என்றார் டீச்சர். "அத மனசுல வச்சுக்க."

"எனக்காக யாரும் போட வேண்டாம் டீச்சர்" என்றாள் முத்துராணி. "எண்ணிக்கை சரியா இருந்துச்சு. அது போதும்."

கோப்பையைக் கொடுத்தபோது கை தட்டினது ஸ்டெபியும் நானும்தான். அன்று சாயங்காலமே டீச்சரும் சங்கரியும் வேப்பமரத்தடியில் நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டார்கள், பலகையை யார் சரியாகப் பிடிக்கவில்லை என்று. நடுவில் தூது போக ஆள் இல்லை. தேக்குப் பலகையில் பெயர் எழுத வந்தவன், இனிஷியல் இல்லாமல் வெறும் முத்துராணி போதுமா என்று கேட்டான். போதும் என்றாள். மறுநாள் புதன்கிழமை, ஆண்கள் ஆடுகிற நாள். விடிந்ததும் அவள் வந்து முதல் பிரவுனில் மணலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான் கதை. எழுந்திருங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஒரு கையெழுத்துக்காக யார் மேசை முன்னாலும் நிற்க வேண்டாம். நின்றே ஆக வேண்டி வந்தால், பேனாவை மூடி வைக்கிற நெஞ்சு அவர்களுக்கு இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், வாசல் ஒன்றே ஒன்றாக, எல்லாரும் அதன் வழியாகவே வந்து போகிற வீடாக, உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும்.